பனியைக் காணாதவன் ஸ்னோபோர்ட் வித்த கதை

இல்ல, நான் பனியைக் கண்டதே இல்ல. நீங்க கேட்டதுக்கு அதுதான் பதில். பிரிட்ஜில மேல்தட்டுல மீனைச் சுத்திப் பிடிச்சிருக்குமே, அதைக் கரண்டியால சுரண்டியிருக்கேன். அதையும் கணக்கெடுத்தா, ஓம், கண்டிருக்கேன்.

ஸ்னோபோர்ட் விக்கிறது ஒண்டும் பெரிய வித்தை இல்ல. வாங்குறவர் எந்த இடத்தில விழுவார் என்டு அவருக்கு முந்தி நீங்க நினைச்சுப் பார்க்கணும், அவ்வளவுதான். நான் அதைக் குறிஞ்சிப்பிட்டியில, எங்கட வீட்டு முன்னறையில, சுத்துற கரண்ட் பேனுக்குக் கீழ இருந்து நினைச்சுப் பார்க்கிறேன். சேலை உடுத்தாமலே சேலை விக்கிற ஆம்பிளைகள், தலையில ஒரு முடி இல்லாம சீப்பு விக்கிற நானாமார், நீங்க எல்லாரும் என்ட ஆக்கள். என்ட பாடு உங்களுக்கு விளங்கும்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஸ்னோபோர்ட் என்டா கிட்டத்தட்ட ஆள் உயரப் பலகை. ரெண்டு காலையும் அதில பூட்டிக்கிட்டு, பனி மூடின மலையில இருந்து கீழ வழுக்கிட்டு வாறது. ஏன் என்டு என்னட்டக் கேக்காதீங்க.

நான் முன்ன கற்பிட்டிக் கடற்கரையில, பட்டம் பிடிச்சுத் தண்ணியில ஓடுற வெள்ளைக்காரர்ட கேம்ப்ல வேலை செஞ்சேன். போர்ட் தூக்குற, ஒட்டுற, கழுவுற வேலை. ஒருநாள் குனிஞ்சவன் நிமிரல்ல. இனிமேல் பாரம் தூக்க வேணாம் என்டு டொக்டர் சொல்லிட்டார். அந்த நேரம் வருசா வருசம் காத்துக்கு வாற ஹெல்கா என்டு ஒரு பொம்புள வந்து நிண்டா. ஐரோப்பாவில ஒரு மலையூர்ல அவட ஸ்னோபோர்ட் கடை இருக்கு. போன்லயும் கொம்பியூட்டர்லயும் கேள்வி கேக்கிற ஆக்களுக்குப் பதில் சொல்ல ஆள் தேடுறா. "ரிஸ்வான், நீ கதைக்கிற நேரம் யாருக்கும் கோபம் வாறதில்ல, நீயே செய்" என்டா. இரவுப் பாடசாலையில படிச்ச இங்கிலீஸ் அன்டைக்குத்தான் உதவிச்சு.

ரெண்டு சட்டம் போட்டா. ஒண்டு, பொய் சொல்லக் கூடாது. பனி கண்டிருக்கியா என்டு நேரா யாரும் கேட்டா இல்ல என்டு சொல்லணும். ரெண்டு, நான் பிழையாச் சொல்லிக் குடுத்து ஒரு சீசன்ல மூணு போர்ட் திரும்பி வந்தா, வேலை முடிஞ்சுது. மூணு! கதிரையில இருந்துகொண்டு செய்ற வேற வேலை எங்கட பக்கம் எனக்கு யார் தருவா? அதனால சீசன் முடியும் மட்டும் என்ட நெஞ்சுக்குள்ள அந்த மூணுதான் ஓடிக்கிட்டு இருந்திச்சு.

இன்னும் விழல்ல

அவங்களுக்குக் காலைச் சாப்பாடு முடியிற நேரம் எங்களுக்குப் பின்னேரம். முதல் நாள் காதில மாட்டுறதை மாட்டிட்டு, சேர்ட்டும் சாரமுமா மேசையில இருந்தேன். முதல் போன் கோல் ஒரு இளந்தாரிப் பொடியன். ஆழமான பவுடருக்கு என்ன போர்ட் நல்லம் என்டு கேட்டான். பவுடர் என்டா புதுசா விழுந்து இறுகாம, இடுப்பளவுக்குக் கிடக்கிற பனி. அதை நான் ஹெல்கா அனுப்பின புத்தகத்தில முந்தின நாள்தான் படிச்சு முடிச்சிருந்தேன். சரியா அந்த நேரம் பார்த்து எங்கட ஆடு யன்னலுக்குள்ள தலையை விட்டுக் கத்திச்சு.

"அது என்ன சத்தம்?" என்டான். ஆடு என்டேன். "ஓ, மலை ஆடு!" என்டு அவனே சந்தோசப்பட்டுக்கிட்டான். மலை என்டு நான் சொல்லவே இல்ல. பிறகு அவன், "உங்கட பக்கம் பனி விழுந்திட்டா?" என்டு கேட்டான். எனக்கு வேர்த்து ஊத்துது. பொய் சொல்லவும் ஏலாது. "இல்ல, இன்னும் விழல்ல" என்டேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்: "கவலைப்படாதீங்க, இந்த வருசம் எல்லா இடமும் பிந்தித்தான். உங்கட பக்கமும் கட்டாயம் விழும்."

றிஸானா இருந்த இடம்

ரெண்டாம் கிழமை ஒரு பெரிய மனுசன். ஆள் நல்ல பாரம், அவரே சொன்னார். அவருக்கு ஒரே ஒரு பிரச்சினை. ஆழப் பனிக்குள்ள போன உடன போர்ட்ட மூக்கு கீழ குத்துதாம், அவர் அதுக்கு மேலால பறந்து போய்த் தலைகீழா நடுறாராம். புத்தகத்தைப் புரட்டினேன். அதில வளைவு, அகலம், பின்வைப்பு என்டு ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கு. ஒண்டும் தலையில ஏறல்ல.

அப்பதான் எங்கட கடற்கரைப் பாதை ஞாபகம் வந்திச்சு. அந்தப் பொதுபொதுத்த மணல்ல மோட்டார் சைக்கிள் ஓடினவங்களுக்குத் தெரியும். என்ட மனுசி றிஸானா என்னை ஒட்டி முன்னுக்கு இருந்தா முன் சில்லு புதைஞ்சு ரெண்டு பேரும் மணல் தின்னணும். அவ பின்னுக்குத் தள்ளி இருந்தா முன் சில்லு லேசாகி, மேலால மிதந்து போகும். டயர் அகலமா இருந்தா இன்னும் நல்லம். அதையேதான் அந்தப் புத்தகமும் சொல்லுது! மூக்கு அகலமா, மேல வளைஞ்சு இருக்கணும். வால் ஒடுங்கி இருக்கணும், அப்ப பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்பும். கால் பூட்டுற இடம் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால இருக்கணும். அப்பிடி ஒண்டைத் தெரிஞ்செடுத்துக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு மனுசன் படம் அனுப்பியிருந்தார். பனிப் புகைக்கு மேல அவர்ட தலை மட்டும் சிரிச்சுக்கொண்டு போகுது. றிஸானாட்டக் காட்டி, இது எப்பிடி என்டு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினேன். அவ படத்தைக் கனநேரம் பார்த்துட்டுக் கேட்டா: "அப்ப இந்த வெள்ளைக்காரர் மிதக்கிறது என்ட பாரத்திலயா?"

அன்ரன் அண்ணன் இறங்கின மலை

ஹெல்கா எனக்குப் பழக ஒரு பழைய போர்ட் விட்டுட்டுப் போயிருந்தா. அதைச் சும்மா சுவர்ல சாத்தி வைக்க மனம் வரல்ல. கடற்கரையில ஒரு மணல் மேடு இருக்கு, ரெண்டு ஆள் உயரம் வரும். என்ட முதுகு ஏலாது. அதனால பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணனைக் கேட்டேன். கடலுக்குப் போற மனுசன், எந்த ஆட்டத்திலயும் நிக்கக் கூடியவர். வேதக் கோயில்ல பூசை முடிஞ்சு, வெள்ளைச் சேர்ட்டோடயே வந்தார்.

மேட்டு உச்சியில அவர்ட ரெண்டு காலையும் பூட்டினேன். "முன்னுக்குச் சாய வேணாம் அண்ணன், பின்னுக்குச் சாயுங்க" என்டேன். சாய்ஞ்சார். போர்ட் அசையல்ல. இன்னும் சாய்ஞ்சார். போர்ட் இருந்த இடத்திலயே இருந்திச்சு, அண்ணன் மட்டும் படுத்திட்டார். காலைக் கழட்டுறதுக்கு அதில ஒரு கொக்கி, அது மணல் புகுந்து இறுகிட்டு. நான் தூக்கவும் ஏலாது. கடைசியில அவர் அந்தப் பலகையோடயே உருண்டு உருண்டு கீழ வந்தார். வலை இழுத்துக்கிட்டு நிண்ட ஆக்கள் வேலையை விட்டுட்டுப் பார்த்தாங்க. அடிவாரத்தில எழும்பி, காதுக்குள்ள இருந்த மணலைத் தட்டிட்டுச் சொன்னார்: "தம்பி, இதைச் சனம் சாமானா வாங்குதா, இல்லாட்டி யாரும் நேர்த்தி வச்சுச் செய்றாங்களா?"

இருபத்தாறு அடி

இனி என்ட முதல் பிழை. ஒரு பொம்புள கூப்பிட்டா. அவவுக்கு மரங்களுக்குள்ளால போக போர்ட் வேணும். அப்பிடியும் ஒரு கூட்டம் இருக்கு. திறந்த வெளி இருக்க, மரத்துக்குள்ள போய்த்தான் வழுக்குவாங்க. அங்க பனி கலையாம கிடக்குமாம். நான் கேட்டேன், மரத்துக்கு மரம் எவ்வளவு தூரம் என்டு. "அது இடத்துக்கு இடம் மாறும்" என்டா. எனக்கு அது விளங்கல்ல. என்ட யன்னலால பார்த்தா தென்னந்தோட்டம். மரத்துக்கு மரம் இருபத்தாறு அடி, கயிறு பிடிச்சு நட்டது. எந்தப் பக்கம் நிண்டு பார்த்தாலும் நேர் ரோட்டு மாதிரி வெளி தெரியும். ஏதோ கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் என்டு நினைச்சு, நேரா வேகமா போற நீட்டு போர்டா, நல்ல விறைப்பா ஒண்டு தெரிஞ்சு குடுத்தேன். மரம் என்டா வரிசை என்டுதான் எனக்கு. அவங்கட காட்டில யாரும் கயிறு பிடிக்கிறதில்ல என்டு எனக்கு யார் சொன்னது?

போர்ட் மூணாம் நாளே திரும்பி வந்திட்டு. மூக்கில பச்சை மரப்பட்டை அப்பியிருக்கு. ஹெல்கா படம் அனுப்பி, அதுக்குக் கீழ "ஒண்டு" என்டு மட்டும் எழுதியிருந்தா. பொம்புளைக்கு ஒண்டும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ், மூக்கு மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்திச்சாம். மன்னிப்புக் கேக்க நானே கோல் எடுத்தேன். மரத்துக்குள்ள என்டா கட்டையா, அகலமா, கெதியாத் திரும்பக்கூடியதா இருக்கணும், நீட்டுச் சீலா மீன் மாதிரி இல்ல, வவ்வால் மீன் மாதிரி, என்டு அதுக்குள்ள படிச்சு வச்சிருந்தேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "உண்மையைச் சொல்லுங்க, உங்கட ஊர்க் காட்டில மரமெல்லாம் வரிசையாவா நிக்குது?"

யார் வெட்டுறது?

அதுக்குப் பிறகு மரம் என்டு கேட்டாலே நான் கதிரையில நிமிர்ந்து இருப்பேன். ஒரு வாத்தியார், வயசாளி, நல்ல மரியாதையாக் கதைக்கிறவர். காட்டுக்குள்ள தனியாப் போற பழக்கமாம். "மரத்தடிக் குழிதான் பயம்" என்டார். எங்கட பக்கம் தென்னைக்கு அடியைச் சுத்தி வட்டமாக் குழி வெட்டி, உரமும் தேங்காய் மட்டையும் போடுற வழக்கம். அதனால நான் கேட்டேன், "யார் வெட்டுறது?" அதோட விடாம, "மழைக்கு முன்ன வெட்டுறதா, பிறகா?" என்டும் கேட்டுட்டேன்.

அவர் ஆறுதலா விளங்கப்படுத்தினார். யாரும் வெட்டுறதில்ல. மேல இருக்கிற கொப்பு பனியைத் தடுக்கிறதால மரத்தடி மட்டும் பொந்தா இருக்கும். மேலால பார்த்தா தெரியாது. தலைகீழா விழுந்தா தன்னால வெளிய வர ஏலாது, மூச்சு அடைச்சிடும். எனக்குச் சிரிப்பு நிண்டு போச்சு. அன்டையில இருந்து மரத்துக்குள்ள போர்ட் கேக்கிற யாரையும் நான் சும்மா விடுறதில்ல. தனியாப் போகாதீங்க, ஒராள் மத்த ஆளைக் கண்ணுக்குள்ள வச்சுக்கொள்ளுங்க, கழுத்தில விசில் போடுங்க. வாத்தியாருக்கு அன்டைக்கே மூணு தரம் சொன்னேன், போர்ட் அனுப்பின பிறகும் ஒருதரம் எழுதினேன். அவர் பதில் அனுப்பினார்: "நாப்பது வருசமா என்ட மனுசி சொல்லிக் கேக்காததை, போர்ட் கடைக்காரனுக்குப் பயந்து இன்டைக்குத்தான் செஞ்சேன்."

வெறுங்காலும் சப்பாத்தும்

ரெண்டாவது பிழைக்கு எங்கட கடல்தான் காரணம். கேம்ப்ல இருந்த காலம் முழுக்க வெறுங்காலோட போர்டில ஏறின ஆக்களைத்தான் நான் கண்டது. செருப்பைக் கரையில கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுவாங்க. அதனால ஒரு நெட்டையன் போர்ட் கேட்ட நேரம், பாரம் கேட்டேன், உயரம் கேட்டேன், எந்த மாதிரிப் பனி என்டும் கேட்டேன். சப்பாத்து அளவு கேக்கல்ல. பனிக்குள்ள சப்பாத்தோட போவாங்க என்டு எனக்குத் தெரியும்தான். ஆனா அந்தச் சப்பாத்து குறுக்க வச்சா போர்ட்ட அகலத்தை விட நீட்டா இருக்கும் என்டு நான் எங்க கண்டேன்? அவன்ட கால் எங்கட வீட்டுப் படியை விடப் பெரிசு.

போர்ட் ஒடுக்கம், சப்பாத்து ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. திரும்புற நேரமெல்லாம் விரல் நுனி பனியில குத்தி, ஆளைச் சுருட்டி எறியுது. ஹெல்காட செய்தி வந்திச்சு: "ரெண்டு". இனி ஒண்டுதான் மிச்சம், சீசன் முடிய இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நெட்டையன் மட்டும் கோபப்படல்ல. அகலமான போர்ட் ஒண்டு தேடிக் குடுத்த நேரம் சொன்னான்: "பிரச்சினை இல்ல நண்பா, முதல் போர்டால மலை பாதியை உழுதுட்டேன், இனி கிழங்கு நடலாம்."

மூணாவது

கடைசியா வந்தவர் பீட்டர் என்டு ஒருத்தர். பத்து நாளா ஒவ்வொரு பின்னேரமும் எழுதுவார். மகள் தூரத்தில படிக்கிறவவாம், வருசத்தில ஒரே ஒரு கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து காட்டுக்குள்ள ஆழப் பனியில போவாங்களாம். மகள் காத்து மாதிரி போறவ, இவர் விழுந்து எழும்புற நேரம் அவ கீழ நிண்டு கோப்பி குடிச்சு முடிச்சிடுவாவாம். "இந்த வருசம் அவவுக்குக் கிட்டவாவது போகணும்" என்டு எழுதினார். நான் எல்லாம் கேட்டேன். பாரம், உயரம், சப்பாத்து, முழங்கால் எப்பிடி, மரம் எவ்வளவு நெருக்கம். கட்டையா அகலமா, மூக்கு எழும்பின, அவ்வளவு விறைப்பில்லாத ஒரு போர்டை அவருக்காகத் தெரிஞ்செடுத்தேன். என்ட சீவியத்தில நான் அப்பிடித் தேடினது ரெண்டு தரம்தான். மத்தது எனக்குப் பொம்புள பார்த்த நேரம். அதுவும் உம்மாதான் தேடினா, நான் கூடப் போனேன்.

வாங்குறதுக்கு முன்ன கோல் எடுத்தார். "எல்லாம் சரி. ஒண்டு கேக்கணும். நீங்க இந்த போர்டில போயிருக்கீங்களா?"

இல்ல என்டேன்.

"வேற எதிலயாவது?"

"இல்ல சேர். நான் பனியே கண்டதில்ல. நான் இருக்கிறது இலங்கையில, கடலுக்கும் களப்புக்கும் நடுவுல. இப்ப இங்க வெயில்." சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டேன்.

அவர் போனை வைக்கல்ல. பிறகு கேட்டார், "அப்ப எதை வச்சு இதைச் சொல்றீங்க?"

"இந்தச் சீசன்ல எனக்குக் கோல் எடுத்த ஆக்கள் எப்பிடியெல்லாம் விழுந்தாங்க என்டு எல்லாம் எழுதி வச்சிருக்கேன் சேர். நீங்க விழக்கூடிய மாதிரி எல்லாம் அதில இருக்கு. இந்த போர்டில அதில பாதி குறையும். மத்தப் பாதிக்கு ஒரு கதை சொல்றேன். எல்லாரும் சொல்றது அது. மரத்தைப் பார்த்தா மரத்துக்குத்தான் போவீங்க. மரத்தைப் பார்க்க வேணாம், நடுவில இருக்கிற வெளியைப் பாருங்க."

"சரி" என்டார். அவ்வளவுதான். போர்டை வாங்கினாரா, என்னைப் பத்தி முறைப்பாடு எழுதப் போறாரா, ஒண்டும் விளங்கல்ல. பிறகு கொம்பியூட்டரில பார்த்தா, வாங்கியிருந்தார்.

மூணு கிழமை சத்தமில்ல. ஒரு பின்னேரம் கொம்பியூட்டரைத் திறந்தேன். பீட்டர்ட போர்ட் திரும்பி வருது என்டு அதில விழுந்திருக்கு. றிஸானா தேத்தண்ணி கொண்டு வந்து வச்சா, என்ட முகத்தைப் பார்த்திட்டுப் பக்கத்தில இருந்திட்டா. ரெண்டு நாள் கழிச்சு ஹெல்கா வீடியோவில வந்தா. முகம் கல்லு மாதிரி. பெட்டியை என் முன்னாலயே வெட்டித் திறந்தா. போர்ட் ரெண்டு துண்டு. றிஸானா வாய்க்குள்ள ஓதத் தொடங்கிட்டா.

துண்டுகளுக்கு நடுவுல ஒரு கடுதாசி. ஹெல்கா அதைச் சத்தமா வாசிச்சா: "போர்ட் அருமை. முதல் நாலு நாளும் மகளுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டே போனேன், அவவுக்குக் கோப்பி குடிக்க நேரமே கிடைக்கல்ல. அஞ்சாம் நாள், ரிஸ்வான் சொன்ன மாதிரி மரத்தைப் பார்க்காம நடுவில இருந்த வெளியைத்தான் பார்த்தேன். அந்த வெளியில மகள் நிண்டு சப்பாத்து இறுக்கிக்கொண்டிருந்தா. அதனால மரத்தைத் தெரிஞ்செடுத்தேன். எனக்கு ஒரு சிராய்ப்பும் இல்ல. அதே போர்ட், அதே அளவு, இன்னொண்டு அனுப்புங்க."

ஹெல்கா கடுதாசியை மடிச்சா. யன்னலால எங்கட ஆடு கத்திச்சு. "அப்ப இது மூணா?" என்டு கேட்டேன். அவ துண்டு ரெண்டையும் தூக்கிச் சுவர்ல சாத்திட்டுச் சொன்னா: "இது மரத்தில பிழை. நீ அடுத்த சீசனுக்கும் இருக்கிற, ஆனா அந்த ஆட்டைத் தூரமாக் கட்டு."

அதுதான் கதை. எத்தனையோ பேரை ஆழப் பனிக்குள்ள இறக்கி விட்டுட்டு நான் மட்டும் இன்னும் பேனுக்குக் கீழ சாரத்தால முகம் துடைச்சுக்கொண்டு இருக்கேன், அதுக்குப் பேர்தான் அனுபவம்.

இருங்க, றிஸானா கூப்பிடுறா. "இஞ்சாருங்க, கெதியா வாங்க! யாரோ ஒரு பொம்புள லைன்ல நிக்கிறா, மரத்துக்குள்ளதான் போகணுமாம். நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல, சப்பாத்து அளவு மட்டும் கேட்டு வச்சிருக்கேன்!"

போறேன்.